அத்தியாயம் 14: பன்னிரண்டு குழாய், பதினோரு ஊசி

விளக்கு வைக்கிற நேரத்தில் நாத்தனார் வந்து கதவைத் தட்டினால் ஒன்று சண்டைக்கு வந்திருப்பாள், இல்லை சமாதானத்துக்கு. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கும் என்று நேற்று சாயங்காலம் வரை ஊசியம்மாவுக்குத் தெரியாது.

"கதவைச் சாத்து. தம்பிக்குத் தெரியக்கூடாது. எனக்குத் தூக்கம் வரல."

இதைச் சொன்னது யார்? பதினோரு வருஷமாகத் தன் தம்பி பெண்டாட்டி முன்னறையில் பார்க்கிற அக்குபங்சரை, "குண்டூசி வைத்தியம்" என்று உறவு முழுக்க ஒலிபரப்பிய அதே தலைமை ஆசிரியை. ஆறு மாசமாகப் பொட்டுத் தூக்கம் இல்லையாம். மாத்திரை போட்டால் காலையில் பிள்ளைகள் பெயர் மறந்துபோகிறதாம். கடைசியில் வந்து விழுந்தது குண்டூசி வாசலில்!

வந்த நாளைப் பாருங்கள். விடிந்தால் குடியிருப்போர் சங்கம் கொடுத்த கெடு முடிகிறது. வீட்டில் தொழில் நடத்த வேண்டுமென்றால் வீட்டு உரிமையாளர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம் வேண்டும். அந்த வீடோ அக்கா, தம்பி இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. இன்று சாயங்காலம் ஐந்துக்குள் படிவம் போய்ச் சேராவிட்டால் ஊசியம்மாவின் பலகையைக் கழற்ற வேண்டியதுதான். மூன்று வருஷமாகக் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். "அக்கா ஒத்துக்க மாட்டேங்கறா, நான் என்ன பண்றது?" என்று புருஷன் இரண்டு கையையும் விரிப்பான். லிஃப்ட் மெக்கானிக் அவன். மேலே போவதா கீழே போவதா என்று யாராவது பட்டனை அமுக்கினால்தான் நகர்கிற சுபாவம், தொழிலிலிருந்து வந்ததா பிறவியிலேயே வந்ததா தெரியாது.

"காலைல ஏழுக்கு வாங்க அண்ணி. அவருக்கு நைட் டூட்டி, எட்டரைக்குத்தான் வருவார்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள் ஊசியம்மா.

ஏழு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே தலைமை ஆசிரியை ஆஜர். ஆசிரியை புத்தி! ஊசியம்மா முதல் வேலையாகப் படிவத்தை அவள் கையில் கொடுத்துவிட்டாள்.

"நாக்கை நீட்டுங்க."

"எதுக்கு?"

"பார்க்கணும்."

"நான் பிள்ளைங்களைத்தான் நீட்டச் சொல்லி அடிச்சிருக்கேன், கையை" என்று முணுமுணுத்தாலும் நீட்டினாள். ஓரமெல்லாம் சிவப்பு. ஊசியம்மா மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடி பார்த்தாள். இடது கை. வலது கை. மறுபடி இடது கை. இழுத்துக் கட்டிய கம்பி மாதிரி விரலில் வந்து அடித்தது.

"அண்ணி, மனசுல எதையோ பூட்டி வெச்சிருக்கீங்க."

"இந்தக் கையிலயா எழுதியிருக்கு?"

"இந்த மாதிரி நாடிக்கு எங்க பாடத்துல அப்படித்தான் சொல்லுவாங்க. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

"சொல்லாதது. குத்து."

குத்தினாள். மணிக்கட்டில் இரண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு, கணுக்காலின் உள்பக்கம் இரண்டு, பாதத்தின் மேலே இரண்டு, புருவ மத்தியில் ஒன்று, கடைசியாக உச்சந்தலையில் ஒன்று. நூறு வழிகள் வந்து கூடும் இடம் என்று அந்த உச்சந்தலைப் புள்ளிக்குச் சீனாக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் இரண்டு பேர் கூடினாலே தாங்காது!

ஒவ்வொரு ஊசியும் ஒரு பிளாஸ்டிக் குழாயோடு வரும். குழாயைத் தோலில் வைத்து, ஊசியின் தலையில் ஒரு தட்டு. ஊசி உள்ளே, குழாய் கிண்ணத்தில். எடுக்கும்போது ஊசியை எண்ணு, கிண்ணத்தில் குழாயை எண்ணு, இரண்டும் ஒத்துப்போனால்தான் ஆளை எழுப்பு. பதினோரு வருஷத்தில் ஊசியம்மா இதைத் தவறவிட்டதே இல்லை. சொல்லப்போனால் சாமி கும்பிட மறந்த நாள் உண்டு.

இன்றைக்குத்தான் வந்தது வினை. கைகால் ஊசிகளை எடுத்து, புருவத்து ஊசியையும் எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்துகிறாள், வாசல் மணி அடித்தது. மணி ஏழே முக்கால்.

"ஏய், கதவைத் திற! முக்கால் மணி நேரம் முன்னாடியே விட்டுட்டாங்க!"

தலைமை ஆசிரியை படுக்கையிலிருந்து எழுந்த வேகத்தைப் பார்த்தால் அறுநூறு பிள்ளைகளும் கை தட்டியிருப்பார்கள். ஐம்பத்திரண்டு வயசு! ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் கைப்பை, கூந்தலை ஒரே சுழற்றில் கொண்டையாகப் போட்டுக்கொண்டு பின்கட்டு வழியாக ஓடினாள்.

"அண்ணி, படிவம்..."

"பைல வெச்சுட்டேன். சாயங்காலம் சொல்றேன். வாயைத் திறக்காதே!"

ஊசியம்மா கிண்ணத்தைத் துண்டால் மூடி அலமாரிக்குள் தள்ளினாள். எட்டு மணிக்கு முன் ஆள் வராத அறையில் குழாய்க் கிண்ணம் எப்படி வந்தது என்று புருஷன் கேட்டுவிட்டால்? நாத்தனாரின் ரகசியத்தைக் காப்பாற்றப் போய் எண்ணிக்கையைக் கோட்டைவிட்டாள்.

அதற்கப்புறம் மூட்டுவலி பேக்கரிக்காரர், கழுத்துப்பிடி தையல்காரி, "எனக்கு வியாதி ஒண்ணும் இல்ல, சும்மா உடம்பு சுறுசுறுப்பா இருக்கணும்" என்று வாராவாரம் வரும் ரிட்டயர்ட் போஸ்ட்மாஸ்டர். கிண்ணத்தை வெளியே எடுத்தபோது மணி பதினொன்று.

குழாய் பன்னிரண்டு.

ஊசி போடும் டப்பாவைச் சாய்த்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். காலையில் புது டப்பா திறந்து முதலில் போட்டது நாத்தனாருடையது, பேக்கரிக்காரருக்கு வேறு டப்பா. எண்ணினாள். பதினொன்று. குலுக்கி மறுபடி எண்ணினாள். பதினொன்றேதான். படுக்கை விரிப்பை உதறினாள். தரையில் காந்தத்தை ஓட்டினாள். ஒரு கொண்டை ஊசி ஒட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான்.

கை, கால், புருவம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். உச்சந்தலையில் வந்து விரல் நின்றது.

முடிக்குள் மறைந்து கிடக்கிற ஊசி. எல்லா ஊசிக்காரர்களும் பயப்படுகிற ஊசி அதுதான். தோலுக்கு அடியில் படுத்தாற்போலப் போட்டது, கீழே மண்டை ஓடு இருக்கிறது, உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கையை வைத்தால் குத்தும், சீப்புப் பட்டால் வளையும். அதைவிட, பள்ளிக்கூடத்தில் ஒரு வாண்டு பார்த்து, "டேய், மேடம் தலையில ஏரியல்டா!" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கையெழுத்தும் போச்சு, நாத்தனாரும் போச்சு, பதினோரு வருஷப் பெயரும் போச்சு.

போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பள்ளி நேரத்தில் தன் போனையே மேஜையில் பூட்டி வைக்கிற உத்தமி அல்லவா அவள்! ஆபீஸ் நம்பரோ எடுப்பார் இல்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

உள்ளே புருஷன் தூங்கி எழுந்து, மூன்றாவது தெருவில் லிஃப்ட் மாட்டிக்கொண்டதென்று கூப்பிட்டதால் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். வேறு வழி இல்லாமல் சொன்னாள்.

"அக்கா இங்க வந்தாளா?" சட்டைப் பித்தானில் அவன் கை நின்றுவிட்டது. "என்ன சொன்னா?"

"தலையில ஊசியோட போயிருக்காங்கன்னு சொல்றேன், என்ன சொன்னாங்கன்னு கேக்கறீங்க!"

"இல்ல... பொதுவா. ஏதாவது பேசினாளா?"

"நாக்கை நீட்டினாங்க. போதுமா?"

அவன் மூச்சு விட்டான். "சரி, இங்க பாரு. நேரா போ. கொண்டை கலைஞ்சிருக்குன்னு சொல்லிச் சரி பண்ற மாதிரி எடுத்துடு. ஒரு வார்த்தை பேசாதே. ஊசியை விட்டது தெரிஞ்சா ஆயுசுக்கும் கையெழுத்துப் போட மாட்டா. எடு, வா. அவ்வளவுதான்."

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிற மாதிரிதான் இருந்தது. அது வேறு அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

வாசலில் "மதியம் வரை வைத்தியம் இல்லை" என்று அட்டையைத் தொங்கவிட்டாள். எதிர்வீட்டு ஜன்னல் திரை அசைந்தது. அசையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பஸ் வரப் பத்து நிமிஷம், வந்த பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் குசலம் விசாரித்துக்கொண்டு போக இருபத்தைந்து நிமிஷம். ஊசியம்மா உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள். பஞ்சும் சின்ன டப்பாவும் முந்தானைக்குள்.

பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் கிளார்க் இரண்டு கையையும் நீட்டி வழி மறித்தார்.

"உஷ்ஷ்!"

"நான் அவங்க தம்பி சம்சாரம்."

"யாரா இருந்தாலும் உஷ். மேடம் தூங்கறாங்க."

ஊசியம்மாவுக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம்.

"பதினொன்றரை இருக்கும். வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுக்கிட்டே அப்படியே சாஞ்சுட்டாங்க. பத்தொன்பது வருஷமா இங்க இருக்கேன். பிரேயர்ல கூட மேடம் ஒரு கண்ணைத் திறந்துதான் வெச்சிருப்பாங்க. அதான் நான் மணியே அடிக்கல."

"மணியே அடிக்கலையா?"

"அடிச்சா எழுந்திருவாங்களே! மூணாவது பீரியட் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. கணக்கு டீச்சருக்குத் தொண்டை கட்டிடுச்சு. போன் வேற, ரிசீவரை எடுத்துத் துணியில சுத்தி வெச்சுட்டேன். எடுத்துச் சுத்தறதுக்குள்ள எவ்வளவு நேரம் அடிச்சுதுங்கறீங்க! யாரு அது, விடாக்கண்டன்..."

விடாக்கண்டன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

மேஜையில் கன்னத்தைப் பதித்து, வாய் லேசாகத் திறந்து, ஏழாம் வகுப்பு 'பி' பிரிவின் மேல் தூங்கிக்கொண்டிருந்தாள் தலைமை ஆசிரியை. அறுநூறு பேரை நடுங்க வைக்கிற அந்த முகத்தில் பென்சில் கறை. தூக்கத்தில் எல்லா முகமும் அஞ்சு வயசு முகம்தான் போலிருக்கிறது. வகிட்டின் முடிவில் ஊசியின் பிடி மட்டும் அரிசி அளவுக்கு மின்னியது.

ஊசியம்மா குனிந்தாள். இடது கை விரலால் தோலை அழுத்தி, வலது கையால் ஒரே இழுப்பு. பஞ்சு. பத்து எண்ணும்வரை அழுத்தினாள். நாத்தனார் "ம்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மறுபடி மூச்சு விட ஆரம்பித்தாள். ஊசி டப்பாவுக்குள் விழுந்தது. பன்னிரண்டு.

முந்தானைக்குள் போன் அதிர்ந்தது. புருஷனின் செய்தி: "எடுத்தாச்சா? பேசாம வந்துடு."

வாசல்வரை வந்தாள். கதவின் பிடியில் கை வைத்தாள். எல்லாம் சுபம். வீட்டுக்குப் போய்ச் சமையலைப் பார்க்கலாம்.

ஆனால் அடுத்த வாரம் இந்த மனுஷி மறுபடி வந்து படுப்பாளே! கண்ணை மூடி, உடம்பு முழுக்க நம்பி ஒப்படைத்துவிட்டுப் படுப்பாளே! அப்போது எந்தக் கையால் குத்துவது?

கதவை விட்டுவிட்டு, குற்றவாளிப் பிள்ளைகள் உட்காருகிற முக்காலியில் போய் உட்கார்ந்தாள்.

ஒரு மணிக்குத் தலைமை ஆசிரியை கண் விழித்தாள்.

"மணி அடிச்சாச்சா?"

"இல்ல அண்ணி."

"நீ எங்க இங்க?" நிமிர்ந்து உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். "நான்... தூங்கினேனா?"

"ஒன்றரை மணி நேரம்."

அந்த முகத்தில் ஒரு சந்தோஷம் எழும்பி வந்தது. இதைப் போய்க் கெடுக்க வேண்டுமா? டப்பாவை மேஜையில் வைத்தாள்.

"அண்ணி, காலைல அவசரத்துல எண்ணாம விட்டுட்டேன். உங்க தலையில ஒரு ஊசி இருந்துடுச்சு. இப்பத்தான் எடுத்தேன். நீங்க தூங்கும்போது. தப்பு என்னோடதுதான்."

தலைமை ஆசிரியையின் கை மெதுவாக உச்சந்தலைக்குப் போனது.

"காலையிலேர்ந்தா?"

"அஞ்சு மணி நேரம் கிட்ட."

"அசெம்பிளியில பேசினேன். அறுநூறு பிள்ளைங்க முன்னாடி."

"ஆமா."

"கவனக்குறைவைப் பத்தி."

ஊசியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வரப்போகிற இடிக்குக் கழுத்தைத் தயாராக வைத்திருந்தாள். இடி வரவில்லை. க்ளுக் என்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் நாத்தனார் புடவைத் தலைப்பை வாயில் அடைக்கப் பார்த்து, முடியாமல் குலுங்குகிறாள்! பதினெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இந்தப் பெண்மணியின் கடைவாய்ப் பல்லை ஊசியம்மா பார்த்தது இதுவே முதல் தடவை.

"அப்ப அதனாலதான் தூக்கம் வந்துச்சா? பின்ன ஏன்டி எடுத்தே? மறுபடி குத்து!"

"அதனாலதான்னு சொன்னா பொய் அண்ணி. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆறு மாசம் தூங்காத உடம்பு எங்கயாவது விழுந்துதானே ஆகணும்?"

"கையெழுத்து வாங்க வந்தவ பேசற பேச்சா இது?"

"போட மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் பேசறேன். சொல்லாமப் போனா கூசும்."

சிரிப்பு நின்றது. தலைமை ஆசிரியை அவளை வெகுநேரம் பார்த்தாள். பரீட்சை ஹாலில் பார்க்கிற பார்வை அல்ல. பேப்பரைத் திருத்தி முடித்துவிட்டு, மார்க் போடுமுன் பேனாவை நிறுத்திப் பார்க்கிற பார்வை.

"கூசுமா?" என்றாள். "எனக்கு மூணு வருஷமாக் கூசுது."

"என்ன அண்ணி?"

"நீ கேட்டியே, என்னத்தைப் பூட்டி வெச்சிருக்கேன்னு. உன் படிவத்துக்கு நான் எப்பவாவது என் வாயால மாட்டேன்னு சொன்னேனா? யோசிச்சுப் பாரு."

ஊசியம்மா யோசித்தாள். "பார்க்கலாம்னு சொல்லுவீங்க. அவர்தான் வந்து, அக்கா ஒத்துக்கல..."

"அவன்தான் வந்து." தலைமை ஆசிரியை மேஜையைத் திறந்து கைப்பையை எடுத்தாள். "மூணு வருஷம் முன்னாடி வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டான். 'அக்கா, நீ இழுத்தடி. நான் மாட்டேன்னா வீட்ல பூகம்பம் வரும். நீ சொன்னா, நாத்தனார்னா அப்படித்தான்னு விட்டுடுவா'ன்னான். தம்பியாச்சேன்னு வில்லி வேஷம் கட்டினேன். எனக்கென்ன, பள்ளிக்கூடத்துல தினமும் கட்டற வேஷம்தானே. ஆனா ஆறு மாசம் முன்னாடி சங்கத்துலேர்ந்து கடைசி நோட்டீஸ் வந்து, நீ என்கூடப் பேச்சை நிறுத்தினே பாரு, அன்னைக்குப் போன தூக்கம்."

வராண்டாவில் யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. கிளார்க் கடைசியில் மணியை அடித்துவிட்டார். பள்ளிக்கூடமே கட்டவிழ்த்துக்கொண்டு கத்தியது. அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஊசியம்மா கேட்டது உதட்டசைவாகத்தான் தெரிந்தது.

"ஏன்?"

"அதை அவன் வாயாலயே கேளு. நான் பாதிதான் சொல்லலாம், என் பாதியை."

படிவத்தை எடுத்து விரித்தாள். சிவப்பு மையா என்று பேனாவைப் பார்த்துவிட்டு, நீல மைப் பேனா எடுத்து, ஆண்டறிக்கையில் போடுகிற அதே நீளமான கையெழுத்தைப் போட்டாள். தேதி போட்டாள். மை காய ஊதினாள்.

"இந்தா. நான் போட்டுட்டேன். பக்கத்துல பாரு."

பக்கத்துக் கட்டத்தில் "உரிமையாளர் 2" என்று இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வெள்ளை. மூன்று வருஷமாக இந்தக் காகிதத்தை மடித்து, விரித்து, நாத்தனார் இருக்கிற இடத்துக்கெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்தவள், பக்கத்துக் கட்டத்தைப் பார்த்ததே இல்லை. கட்டின புருஷன் ஒரே கூரைக்குள் இருக்கிறான், எப்போது வேண்டுமானாலும் போடுவான் என்று யார்தான் நினைக்கமாட்டார்கள்?

பள்ளிக்கூட வாசலுக்கு வந்து போன் போட்டாள். மணி ஒன்று இருபது. முதல் அழைப்பிலேயே எடுத்தான்.

"எடுத்துட்டியா? அக்காவுக்குத் தெரியாதே?"

"எங்க இருக்கீங்க?"

"வேலையில. ஏன்? பேசினாளா?"

"எந்தக் கட்டடம்? எத்தனாவது மாடி?"

"எதுக்குக் கேக்கற?"

"அண்ணி கையெழுத்துப் போட்டுட்டாங்க. இனி உங்களோடதுதான் பாக்கி. அஞ்சு மணி வரைக்கும் டயம் இருக்கு, நானே வர்றேன். எத்தனாவது மாடின்னு மட்டும் சொல்லுங்க."

அந்தப் பக்கம் டிங் என்று ஒரு சத்தம், இரும்புக் கதவு வழுக்கிக்கொண்டு மூடுகிற சத்தம்.

லிஃப்டுக்குள் போனால் சிக்னல் போய்விடும். கல்யாணமான புதிதில் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

லைன் அறுந்தது. ஊசியம்மா படிவத்தை நான்காக மடித்துக்கொண்டு, மூன்றாவது தெருவுக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள். ஏறினவன் எங்கேயாவது ஒரு மாடியில் இறங்கித்தானே ஆகவேண்டும்.